வெண்குறுமீனைச் சுற்றும் கோள்: அறிவியல் கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் சிறுகதை எழுதப் பழகும் ஒரு சிறு குழு கூடுகிறது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள், செம்பனைத் தோட்டத்தில் குலைகளின் எடையைக் குறிக்கும் இளைஞர் ஒருவர், தமிழ்ப்பள்ளியில் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எனப் பலரும் வருகிறார்கள். சென்ற ஆண்டு முழுவதும் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு கற்பனைக் கோளை உருவாக்கி, அதன்மேல் ஆளுக்கொரு கதை எழுதினோம். கோளுக்கு நிலையொளி என்று பெயரிட்டோம். நான் நெடுங்காலம் அறிவியல் பாடம் நடத்தியவன் என்பதால் கணக்குகளைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் தந்த விடைகளும் இவை.

கோளை உருவாக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

விண்மீனிலிருந்து தொடங்க வேண்டும். புதிதாக எழுத வருபவர்கள் ஊதா நிறக் காட்டையோ வானத்தில் மூன்று நிலவுகளையோ முதலில் வரைந்துவிட்டு, அதற்கேற்ற விண்மீனைக் கடைசியில் தேடுகிறார்கள். அந்த வழியில் போனால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று உடையும். விண்மீனின் ஒளி எவ்வளவு என்று முடிவானதும், நீர் நீராகவே நிற்கக்கூடிய தொலைவு தானாகத் தெரிந்துவிடும். தொலைவும் விண்மீனின் நிறையும் தெரிந்தால் ஆண்டின் நீளம் கிடைக்கும். அந்தத் தொலைவே கோளுக்கு நிலவு உண்டா, விடியல் உண்டா, கடலில் ஓதம் (நீர்மட்டம் ஏறி இறங்குவது) எவ்வளவு என்பனவற்றையும் சொல்லிவிடும். ஒரு விண்மீனைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அது மறுப்பவற்றையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில், நல்ல கதைகள் பெரும்பாலும் அந்த மறுப்புகளிலிருந்துதான் முளைத்தன.

வெண்குறுமீன் என்பது என்ன? அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

சூரியனைப் போன்ற விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்ததும் முதலில் பெருத்துச் செம்பெருமீனாகிறது. பின்னர் வெளிப்படலங்களை உதறிவிடுகிறது. எஞ்சும் கருவே வெண்குறுமீன். அதனுள் அணு எரிதல் நடப்பதில்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த இரும்புச் சட்டியைப் போலப் பழைய வெப்பத்தை மெல்ல மெல்ல வெளிவிட்டுக்கொண்டிருக்கும். சூரியனின் நிறையில் பாதிக்கு மேற்பட்ட பொருள், ஏறக்குறைய பூமியின் அளவுள்ள உருண்டைக்குள் அடைபட்டிருக்கும். அந்தப் பொருளில் ஒரு தேக்கரண்டி அளவு இரண்டு டன்னுக்கு மேல் நிறை கொண்டது.

இந்த விண்மீனைத் தேர்ந்ததற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு தம் 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்ட வெண்குறுமீன் தன் எடையைத் தாங்கி நிற்க இயலாது என்ற முடிவுக்கு அவரை இட்டுச்சென்ற கணக்கை அந்தப் பயணத்தில்தான் போட்டார். 1983இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜூலா கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குழுவினரின் முன்னோர் பலர் அப்படிக் கடல் கடந்துதான் தோட்டங்களுக்கு வந்தார்கள். இந்தச் செய்தியைச் சொன்ன மாலையில், அதுவரை கணக்கு என்றாலே ஒதுங்கியிருந்த ஒரு மாணவி தன் கைப்பேசியில் கணிப்பானைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

செங்குறுமீன், இரட்டை விண்மீன் போன்றவற்றை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அவையும் நல்ல தேர்வுகளே. சூரியனைவிடச் சிறியவையும் குளிர்ந்தவையுமான செங்குறுமீன்களைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். 2016இல் பிராக்சிமா சென்டாரிக்கும், 2017இல் டிராப்பிஸ்ட்-1 விண்மீனுக்கும் கண்டறியப்பட்ட கோள்கள் அந்த ஆர்வத்தைக் கூட்டின. ஆனால் அவ்வகை விண்மீன்கள் பல அடிக்கடி சீறி வெடித்துக் கோளின் காற்றை அரிக்கக்கூடியவை. இரட்டை விண்மீன்களைச் சுற்றும் கோள்களும் உண்மையிலேயே உள்ளன. 2011இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16பி அதற்குச் சான்று. நீல நிறப் பெரு விண்மீன்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் வாழ்நாள் சில மில்லியன் ஆண்டுகளே என்பதால், கோளின் மேற்பரப்பு ஆறுவதற்கு முன்பே கதை முடிந்துவிடும்.

எனக்குக் கணக்கு வராது. தொலைவையும் ஆண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டே கணக்குகள் போதும். இரண்டையும் கைப்பேசியிலேயே போடலாம்.

முதலாவது தொலைவு. நிலையொளியின் விண்மீனுக்குச் சூரிய நிறையில் 0.6 பங்கும், 8,500 கிலோமீட்டர் ஆரமும், சூரியனைவிடச் சற்றே கூடுதலாக 6,000 கெல்வின் வெப்பநிலையும் கொடுத்தோம். அதன் ஒளி சூரிய ஒளியில் ஏறக்குறைய 6,000இல் ஒரு பங்கு. பூமிக்குக் கிடைக்கும் அதே வெப்பம் கோளுக்கும் கிடைக்க வேண்டுமானால், அந்த 6,000க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அது 77க்குச் சற்று மேல் வரும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள 150 மில்லியன் கிலோமீட்டரை அதனால் வகுத்தால் 1.94 மில்லியன் கிலோமீட்டர். பூமி–சூரியன் தொலைவை 1 எனக் கொண்டால், இது 0.013.

இரண்டாவது ஆண்டின் நீளம். கெப்ளர் 1619இல் வெளியிட்ட மூன்றாம் விதி இதற்கு உதவுகிறது. 0.013ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கி (0.013 × 0.013 × 0.013), விண்மீனின் நிறையான 0.6ஆல் வகுத்து, வந்ததற்கு வர்க்கமூலம் எடுங்கள். விடை 0.0019 ஆண்டு. ஓர் ஆண்டுக்கு 8,766 மணி நேரம் என்பதால், நிலையொளியின் ஆண்டு 17 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது; நிலையொளி விநாடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கோளின் மேல் நிற்பவருக்கு அந்த வேகம் சிறிதும் தெரியாது.

அவ்வளவு அருகில் இருந்தால் கோள் உடைந்து போகாதா?

மிக அருகில் போனால் உடையும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் ரோச் 1848இல் கணக்கிட்டுச் சொன்ன எல்லை ஒன்று உண்டு. அதற்குள் நுழையும் கோளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விண்மீன் வெவ்வேறு வலுவுடன் இழுப்பதால், கோளின் சொந்த ஈர்ப்பு தோற்றுவிடும். பூமியை ஒத்த அடர்த்தி கொண்ட கோளுக்கு, எங்கள் விண்மீனிடமிருந்து அந்த எல்லை சுமார் 0.9 மில்லியன் கிலோமீட்டரில் அமைகிறது. நிலையொளி அதைப்போல் இரண்டு மடங்குத் தொலைவில் இருப்பதால் தப்பிக்கிறது. இந்த அச்சம் வெறும் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். டபிள்யூடி 1145+017 என்ற வெண்குறுமீனை நான்கரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றியபடி சிதைந்துகொண்டிருக்கும் பாறை உடல்களை 2015இல் வானியலாளர்கள் கண்டறிந்தார்கள்.

தப்பித்தாலும் நிலையொளி உருண்டையாக இருக்காது. விண்மீனை நோக்கிப் பல பத்து கிலோமீட்டர் நீண்டு, மிக மெலிதாக முட்டை வடிவம் கொண்டிருக்கும். பாறையும் கடலும் நீண்ட காலத்தில் ஒருசேர அந்த வடிவத்துக்குப் பழகிவிடுவதால், அங்கே வாழ்பவருக்குத் தரை சமமாகவே தோன்றும்.

அதன் விண்மீன் வானத்தில் எப்படித் தெரியும்?

பூமி அளவேயுள்ள விண்மீன் ஊசிமுனைபோலத் தெரியும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். கணக்கு வேறு சொல்கிறது. 1.94 மில்லியன் கிலோமீட்டரிலிருந்து பார்க்க, 17,000 கிலோமீட்டர் விட்டமுள்ள அந்த விண்மீன் அரைப் பாகை அகலம் கொண்டிருக்கும். நம் சூரியனும் வானத்தில் அரைப் பாகை அகலம்தான். இது தற்செயல் இல்லை. ஒரே வெப்பநிலையில் ஒளிரும் இரு பரப்புகள் ஒரே அளவு வெப்பத்தை நமக்குத் தர வேண்டுமானால், அவை வானத்தில் ஒரே அளவு இடத்தைப் பிடித்தாக வேண்டும். ஆகவே நிலையொளியின் வானம் நீலமாகவும், மேகங்கள் வெண்மையாகவும் இருக்கும். செடிகள் பச்சையாக இருப்பதற்கும் தடையில்லை. ஊதாக் காடு வேண்டுமென்று விடாப்பிடியாக நின்ற ஒருவரிடம், பார்வைக்கு முற்றிலும் நம் ஊர்போல இருந்து, ஒரே ஒரு செய்தியில் மட்டும் மாறுபடும் உலகம் அதைவிட அச்சமூட்டும் என்று சொன்னேன். அந்த ஒரு செய்தி, சூரியன் நகராது என்பதே.

ஒரு பக்கம் எப்போதும் பகல் என்றால், கோள் சுழலவே இல்லையா?

சுழல்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விண்மீனின் ஓத விசை, அதாவது கோளின் இரு பக்கங்களையும் வெவ்வேறு வலுவுடன் இழுக்கும் விசை, நெடுங்காலம் பிடித்திழுத்ததால், கோள் ஒருமுறை சுற்றிவர எடுக்கும் நேரத்திலேயே ஒருமுறை தன்னைத்தானே சுழன்றுவிடுகிறது. நம் நிலவு பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதும் இதே காரணத்தால்தான். குழுவில் இதை விளக்க ஒரு மேசை விளக்கையும், தம்புன் சாலையோரக் கடையில் வாங்கிய பம்பளிமாஸ் ஒன்றையும் பயன்படுத்தினேன். பழத்தில் ஓரிடத்தில் கரித்துண்டால் புள்ளி வைத்து, ஒரு மாணவனிடம் கொடுத்து, புள்ளி எப்போதும் விளக்கையே பார்க்கும்படி விளக்கைச் சுற்றி நடக்கச் சொன்னேன். மற்றவர்கள் பழத்தைப் பார்க்காமல் அவனுடைய முதுகைப் பார்க்க வேண்டும் என்றேன். முதலில் அவன் முதுகு சன்னலைப் பார்த்தது, பிறகு கதவை, பிறகு கரும்பலகையை, மீண்டும் சன்னலை. விளக்கை ஒருமுறை சுற்றி வருவதற்குள் அவன் அறை முழுவதையும் ஒருமுறை முதுகால் பார்த்துவிட்டான். நிலையொளியின் இருள்பக்கம் அந்த முதுகுதான். அங்கே நிற்பவருக்கு விண்மீன்கள் உதித்து, உச்சிக்கு வந்து, மறையும். 17 மணி நேரத்தில் வானம் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். ஒளிப்பக்கத்தில் இருப்பவருக்கோ ஒரே சூரியன், ஒரே இடத்தில்.

ஒளிப்பக்கம் வெந்து, இருள்பக்கம் உறைந்து போகாதா?

காற்று இல்லையென்றால் அப்படித்தான் ஆகும். போதிய காற்று இருந்தால் அது வெப்பத்தை இருள்பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பூமியின் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கரியமிலவாயு இருந்தாலே, இருள்பக்கத்தில் காற்று உறைந்து விழாமல் தடுக்கலாம் என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இருளில் நீர் நீராகவே நிற்க வேண்டுமானால் அதைவிட அடர்ந்த காற்று தேவை.

செங்குறுமீன் கோள்களுக்கும் நிலையொளிக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. செங்குறுமீனைச் சுற்றும் வாழ்தகு கோள்கள் பெரும்பாலும் பல நாள்களுக்கு ஒருமுறையே சுழல்கின்றன. அதனால் விண்மீன் நேர் தலைக்குமேல் நிற்கும் உச்சிப் பகுதியில் அடர்ந்த மேகக் கூரை எழுந்து ஒளியைத் திருப்பி அனுப்பும். நிலையொளி 17 மணி நேரத்தில் சுழல்வதால் காற்று கிழக்கு மேற்காக நீண்ட பட்டைகளாக இழுபட்டு, அந்த மேகக் கூரை கலைந்துவிடும். கணினி மாதிரிகளும் இத்தகைய கோள் கூடுதல் சூடாக இருக்கும் என்றே காட்டுகின்றன. ஆகவே நாங்கள் கோளைச் சற்று வெளியே தள்ளுவதா என்று விவாதித்து, எண்களை எளிதாக வைத்திருப்பதற்காக அங்கேயே விட்டுவிட்டு, கரியமிலவாயுவைக் குறைத்துக்கொண்டோம்.

நிலப்படம் வரைபவர்களுக்கு ஒரு குறிப்பு: இருள்பக்கத்தில் பெருங்கண்டம் வைக்காதீர்கள். ஆவியாகிப் போகும் நீரெல்லாம் அந்தக் கண்டத்தின் மேல் பனியாக இறங்கி, திரும்பி வராமல் பூட்டிக்கொள்ளும். அங்கே கடலை வைத்தால் பனிக்கட்டி மிதந்து வந்து உருகும், நீரோட்டமும் வெப்பத்தைக் கொண்டு செல்லும்.

நிலவு உண்டா? நம்மவர்கள் அங்கே குடியேறினால் தைப்பூசம் எப்படிக் கொண்டாடுவார்கள்?

நிலவு கிடையாது. விண்மீன் இவ்வளவு அருகில் நின்று இழுப்பதால், கோளின் பிடி சுமார் 23,000 கிலோமீட்டர் வரைதான் எட்டும். நீண்ட காலம் நிலைக்க வேண்டிய நிலவு அதில் பாதித் தொலைவுக்குள் இருக்க வேண்டும். ஆனால் நம் நிலவு போன்ற ஒன்று 18,000 கிலோமீட்டருக்குள் வந்தாலே ஓத விசையால் சிதையத் தொடங்கும். நிற்பதற்கு இடமே இல்லை.

கேள்வியின் இரண்டாம் பகுதியைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுப்பவர். முழுநிலவு இல்லை, மாதமில்லை, பூசத்தன்று என்று சொல்ல நாளே இல்லை. என் விடை, குடியேறுபவர்கள் நாள்காட்டியைக் கையோடு கொண்டுபோவார்கள் என்பது. தோட்டங்களுக்கு வந்தவர்களும் பஞ்சாங்கத்தைக் கொண்டுதான் வந்தார்கள். தைமாதத்துப் பனி இந்த மண்ணில் இல்லாதபோதும் தை பிறந்தது. பூச விண்மீன் இருள்பக்கத்து வானத்தில் தெரியத்தான் செய்யும். ஆசிரியை அதை வைத்தே கதை எழுதினார்: ஆண்டுக்கு ஒருமுறை, பூமியின் கணக்குப்படி, ஒளிப்பக்கத்து ஊரார் பால்குடம் ஏந்தி இருளின் விளிம்பு வரை நடந்து, நிலவில்லாத வானத்தில் அந்த விண்மீனைத் தேடுகிறார்கள்.

விடியல் இல்லாத ஊரில் நேரத்தை எப்படி அறிவார்கள்?

இக்கேள்வியை எனக்கு முதலில் போட்டவர் குழுவில் இல்லாத ஒருவர். ஒரு மாணவனைக் கூட்டிப்போக வந்திருந்த அவனுடைய பாட்டி, நாங்கள் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, “அங்க பொழுதே விடியாதா தம்பி? அப்பறம் எப்பப் போயி மரம் வெட்றது?” என்றார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்.

அவர் கேட்டதில் முழு உயிரியல் பாடம் இருக்கிறது. பால்மரத்தை விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம், இரவில் இலைகள் நீரை அதிகம் இழக்காததால் பட்டையினுள் அழுத்தம் கூடியிருப்பதே. வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழும் பாலும் குறைகிறது. நிலையொளியில் வெயில் ஏறுவதே இல்லை. ஓர் இடத்தில் நிற்கும் மரத்துக்கு எப்போதும் ஒரே வெளிச்சம், அதனால் இரவின் ஓய்வும் இல்லை. அங்கே பால் சுரக்கும் மரம் ஒன்றைக் கற்பனை செய்தால், நல்ல நேரம் என்பதற்குப் பதிலாக நல்ல இடம் என்றுதான் பேச வேண்டியிருக்கும்: விளிம்பை ஒட்டிய மங்கலில் நிற்கும் மரங்களே நிறையப் பால் தரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒளிப்பக்கத்து வானத்தில் கடிகாரமே கிடையாது. நிழல் நகராது, விண்மீன்கள் தெரியாது, நிலவும் இல்லை. அப்போது நேரம் என்பது யாரோ ஒருவர் அடிக்கும் மணி. எங்கள் ஊரில் இது புதிய செய்தி இல்லை. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, மணி அடித்தால் அதுதான் காலை. வானம் என்ன சொன்னாலும் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அன்று முதல் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.15 மணிக்குத்தான். அதை யாரும் வியப்பதில்லை. நம் ஊரில் கடிகாரத்தை வானத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கவாவது முடிகிறது. நிலையொளியில் மணி அடிப்பவன் பொய் சொன்னாலும் அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. வேலை நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டும் ஒரு நிர்வாகியைப் பற்றி எடை குறிக்கும் இளைஞர் எழுதிய கதைதான் எங்கள் தொகுப்பில் வலிமையானது என்பது என் கருத்து.

ஊரை எங்கே வைப்பது?

நிலையொளியில் முகவரி என்பதே சூரியனின் உயரம்தான். உச்சிப் புள்ளியிலிருந்து விலகும் ஒவ்வொரு 111 கிலோமீட்டருக்கும் சூரியன் ஒரு பாகை தாழும். இங்கிருந்து கோலாலம்பூர் போகும் தொலைவுக்கு விண்மீனை நோக்கிப் பயணம் செய்தால், அது ஏறக்குறைய 2 பாகை உயர்ந்திருக்கும். பல நாள் நடப்பவர் வானத்தைப் பார்த்தே எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லலாம். மிதமான வெப்பம் வேண்டுவோர் சூரியன் 10 முதல் 30 பாகை உயரத்தில் நிற்கும் பட்டையில் வாழ்வார்கள்.

அந்தப் பட்டையில் மலை என்பது மிகப் பெரிய செய்தி. சூரியன் 10 பாகையில் நிற்கும் ஊரில், 300 மீட்டர் உயரமுள்ள குன்றின் நிழல் 1,700 மீட்டர் நீளும். நம் ஊரில் மலை நிழல் காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று முறை மாறும். அங்கே முறை மாறாது. நிழலுக்குள் கட்டிய வீடு என்றைக்கும் நிழலுக்குள்தான். அங்கே பயிர் ஏறாது, துணி காயாது, பிறந்த குழந்தை சூரியனைப் பார்க்க வேண்டுமானால் யாராவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இதை நான் விளக்கியபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. குன்றின் மேல் துரையின் பங்களாவும், பள்ளத்தில் வரிசையாகத் தொழிலாளர் லயங்களும் இருந்த தோட்டங்களில் வளர்ந்தவர்கள், அந்த நிலப்படத்தில் யார் வீடு எங்கே இருக்கும் என்பதைக் கேட்காமலே குறித்துவிட்டார்கள்.

இந்தக் கோளின் வடிவமைப்பில் வலுவற்ற பகுதி எது?

அதன் இறந்தகாலம். இதை மறைக்காமல் சொல்வது எழுதுபவரின் கடமை.

முதலாவது, விண்மீன் செம்பெருமீனாகப் பெருத்தபோது 1.94 மில்லியன் கிலோமீட்டரில் இருந்த எதுவும் விழுங்கப்பட்டிருக்கும். ஆகவே கோள் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். அப்படி நடக்க முடியும் என்பதற்கு ஆதாரமாக, 80 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டபிள்யூடி 1856+534 என்ற வெண்குறுமீனை 34 மணி நேரத்தில் சுற்றும் வியாழன் அளவுள்ள கோள் ஒன்று 2020இல் அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. நம் சூரியன் வயது ஏற ஏற ஒளி கூடுகிறது. வெண்குறுமீன் வயது ஏற ஏற மங்குகிறது. இன்று 6,000 கெல்வினில் இருக்கும் எங்கள் விண்மீன், அணைந்து 2 பில்லியன் ஆண்டுகள் ஆகியிருக்கும். அது 7,000 கெல்வினில் இருந்த காலத்தில் இதே இடத்திலுள்ள கோளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் கிடைத்திருக்கும். வெள்ளிக் கோள் இன்று பெறுவதும் அவ்வளவுதான். அங்கே கடல் இல்லை. அப்படியானால் நிலையொளியின் நீர் பின்னர் வந்து சேர வேண்டும். இதற்கும் ஒரு வழி உண்டு. 14 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வான் மானன் என்ற வெண்குறுமீனின் நிறமாலை 1917இல் பதிவானபோது அதில் கால்சியத்தின் தடம் இருந்தது. வெண்குறுமீனின் மேற்பரப்பில் அத்தகைய தனிமங்கள் விரைவில் அமிழ்ந்துவிடும் என்பதால், உடைந்த சிறுகோள்களின் பொருள் அதன்மேல் விழுந்திருக்க வேண்டும் என்று இன்று விளங்கிக்கொள்கிறோம். வெளியிலிருந்து பாறையும் பனியும் உள்ளே வந்து விழும் அமைப்புகள் உண்மையில் இருப்பதால், தாமதமாக வந்த வால்வெள்ளிகள் கடலை நிரப்பின என்று எழுத இடம் இருக்கிறது. அதன் பின்னர் விண்மீன் மெதுவாகவே குளிர்வதால், உயிர் தழைக்க 3 பில்லியன் ஆண்டுகளுக்குக் குறையாத காலம் கிடைக்கும்.

இன்னொரு கோளையும் பக்கத்தில் வைக்கலாமா?

வேண்டாம். நிலையொளியின் பாதை வட்டத்திலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினாலே, ஒவ்வொரு 17 மணி நேரமும் ஓதம் நூறு மீட்டர் அளவை எட்டக்கூடும். பக்கத்துக் கோள் ஒன்று இருந்தால், பாதை வட்டமாகி அமைதியடைய அது விடாது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடிப்பு சூடேறுவதுபோலக் கோளின் உட்புறமும் கொதிக்கும். வியாழனின் நிலவான அயோ இப்படித்தான் எரிமலைகளால் நிறைந்திருக்கிறது. 1979இல் வாயேஜர் 1 விண்கலம் அதைப் படம்பிடிப்பதற்குச் சற்று முன்னரே மூவர் கணக்கிட்டு முன்னறிவித்தார்கள்.

பூமியில் இருப்பவர்கள் இத்தகைய கோளை எப்படிக் கண்டறிவார்கள்?

கோள் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது கண்டறியலாம். நிலையொளி பூமி அளவுள்ளது, விண்மீனோ அதைவிடச் சற்றே பெரியது. ஆகவே விண்மீனின் ஒளியில் பாதிக்கு மேல் மறைந்து, இரண்டரை நிமிடங்களுக்குள் மீண்டுவிடும். 17 மணி நேரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். பூமி சூரியனுக்குக் குறுக்கே போனால் மறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயர்களைத் தமிழில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். 2019இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் பெயரிடும் வாய்ப்பை நாடுகளுக்குத் தந்தபோது, மலேசியா எச்டி 20868 என்ற விண்மீனுக்கு இந்தான் என்றும் அதன் கோளுக்குப் பைதூரி என்றும் மலாய்ப் பெயர்களைச் சூட்டியது. இந்தான் என்றால் வைரம். பைதூரியும் நம் வைடூரியமும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

கதைக்குள் இந்த அறிவியலை எவ்வளவு எழுத வேண்டும்?

கணக்கு முழுவதையும் நோட்டில் வைத்துக்கொண்டு, கதையில் அதன் விளைவை மட்டும் காட்டுங்கள். ஓதப் பூட்டு (கோள் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டுவது) என்றால் என்ன என்று இரண்டு பக்கம் விளக்கிய கதைகள் எங்களிடம் வந்தன. அவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. கணிப்பானைத் திறந்து வைத்த அந்த மாணவி, படிவம் நான்கில் படிப்பவள், தன் கதையை இப்படித் தொடங்கினாள்: “தாத்தா இந்த வீட்டைக் கட்டிய அன்று, சுவரில் நிழல் விழுந்த விளிம்பைக் கரியால் கோடிட்டு வைத்தார். இன்றும் நிழல் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது.”